வலிக்காத ஊசி

என் தம்பிக்கு வரிசையில் நிற்பது என்றால் ஆகவே ஆகாது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் நாலு பேர் நின்றால் தாகத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிற பிள்ளை அவன். இப்போது பாலம் கட்டுகிற இன்ஜினியர். தலைமுடி பாதி போயாயிற்று, அந்தக் குணம் மட்டும் போகவில்லை. எந்தக் காரியமானாலும் "எனக்கு ஒரு ஆள் இருக்கார்" என்பான். லைசென்ஸுக்கு ஒரு ஆள், சமையல் கேஸுக்கு ஒரு ஆள், மகளைப் பள்ளியில் சேர்க்க ஒரு ஆள். அந்த ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள், காபி குடிப்பார்கள், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள். பிறகு ஏதாவது ஒன்று கோணலாகும். அதைச் சரிபண்ண இன்னொரு ஆள் வருவார்.

நான் நர்ஸ். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே, வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடுகிற அறை என் பொறுப்பில் இருக்கிறது. ஒரு மேஜை, ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுகிறவர்களுக்காக ஒரு கட்டில், மருந்து வைக்க ஒரு ஃப்ரிட்ஜ். "இதில் சாப்பாட்டுச் சாமான் வைக்காதீர்கள்" என்று ஃப்ரிட்ஜ் கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்படியும் அடிக்கடி அதற்குள்ளிருந்து யாருடைய தயிர் டப்பாவையாவது எடுத்து வெளியே வைக்க வேண்டியிருக்கிறது. யாருடையது என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஊசிக்காக வருவதில்லை, கார்டுக்காக வருகிறார்கள். கொசு பரப்புகிற மஞ்சள் காய்ச்சல் இருக்கிற சில நாடுகளுக்குள் நுழைய, தடுப்பூசி போட்டதற்கான மஞ்சள் கார்டை விமான நிலையத்தில் காட்டியாக வேண்டும். அதனால் ஊசி என்பதே அந்த அதிகாரியின் திருப்திக்காகப் போட்டுக்கொள்வது என்று ஜனங்கள் முடிவுகட்டிவிட்டார்கள். "சிஸ்டர், கார்டை மட்டும் குடுத்துடுங்க, ஊசி இருக்கட்டும்" என்று ஒருவர் எனக்கு ஏதோ வேலை மிச்சம் பண்ணிக் கொடுக்கிற தோரணையில் சொன்னார். "கொசு கடிக்க வந்தா கார்டை எடுத்துக் காட்டுவீங்களா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொசுவத்தி வெச்சுக்கறேன் சிஸ்டர்" என்றார். இவர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து மிஞ்சும்?

இந்த மருந்தின் சங்கதியே வேறு. குப்பிக்குள் இது தண்ணீராக இருக்காது, உலர்ந்த பொடியாக அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசி போடுவதற்குச் சற்று முன்புதான் கூடவே வருகிற நீரைச் செலுத்திக் கரைக்க வேண்டும். கரைத்துவிட்டால் சில மணி நேரம்தான் தாங்கும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பி பத்துப் பேருக்கு வரும் என்பதால், ஆள் சேர்த்துக்கொண்டு வியாழக்கிழமைகளில் மட்டும் திறப்போம். உடம்பு எதிர்ப்பைக் கட்டிக்கொள்ள அதற்கப்புறமும் பத்து நாள் ஆகும். இதையெல்லாம் தம்பியிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். போனை நோண்டிக்கொண்டே தலையாட்டியிருக்கிறான்.

அவனுக்குத் தூர தேசத்தில் ஒரு ஆற்றுப்பாலம் கட்டுகிற வேலை வந்தது. கொசு மண்டிய காட்டுப் பகுதி. மேஸ்திரியும் ஆட்களும் முதலில் போவது, பிறகு தம்பி மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி எல்லோருக்கும் சேர்த்து ஒரு வியாழக்கிழமையை வாங்கிவைத்தேன். அன்று முதலில் வந்த இரண்டு பேருக்காகக் குப்பியைத் திறந்தேன், தம்பியின் கூட்டம் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில். ஒருவரும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவும் இல்லை. மிச்ச மருந்தையெல்லாம் கொட்டி, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு செய்தி வந்தது: "அக்கா, எல்லாருக்கும் வீட்டுலயே போட்டாச்சு. எனக்கு ஒரு ஆள் இருக்கார்." பக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை வேறு.

வீட்டில் எனக்குப் பெயர் கடப்பாரை. நர்ஸ் படிப்பு முடித்த புதிதில் தம்பிக்குக் காய்ச்சல் வந்து ஓர் ஊசி போட்டேன். அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் ஒருவர்கூட என்னிடம் கையை நீட்டுவதில்லை. ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற நான், சொந்தக்காரர்கள் வேறு யாரிடமோ போட்டுக்கொண்டு வந்து, "அவங்களுக்கு என்ன கை, பூ மாதிரி" என்று என்னிடமே சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அந்தச் செய்தி வந்ததும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, ரோஷம்தான் வந்தது. கொஞ்ச நாள் அவனோடு பேசவில்லை.

மேஸ்திரியும் ஆட்களும் விமானம் ஏறிப் போனார்கள். அடுத்த வாரம் தம்பி குடும்பம் கிளம்புவதாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லித் தம்பி மனைவி கூப்பிட்டாள். போனேன். கூடத்தில் பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன. சோபா முழுக்கத் துணி. மகள் எந்தப் பொம்மையை எடுத்துப்போவது என்று அழுதுகொண்டிருந்தாள்.

"கோபம் தீர்ந்துச்சா கடப்பாரை?" என்றான் தம்பி.

"தீரல. பசிக்குது, அதான் வந்தேன்."

தம்பி மனைவி பரிமாறும்போது இடது கையைத் தூக்கவே இல்லை. என்ன என்று கேட்டேன்.

"ஊசி போட்ட இடம் அக்கா. இன்னும் கல்லு மாதிரி இருக்கு. மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்."

"யார் சொன்னது?"

"கைராசிக்காரர்" என்றான் தம்பி, பெருமை பொங்க. "அவருக்கு நான் வெச்ச பேரு. எனக்குப் பாரு, வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, போட்ட தடம்கூடக் கிடையாது. கைராசின்னா அது."

வலிக்கவில்லை என்றால் கைராசியாம், வீங்கினால் மருந்து வேலை செய்கிறதாம். ஆக, எது நடந்தாலும் அந்த ஆளுக்கு வெற்றிதான். அவள் ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது, தொட்டதும் துடித்தாள். இத்தனை நாள் கழித்து இப்படி இருக்கக் கூடாது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொன்னேன். "பெட்டி கட்டற வேலை இருக்கே அக்கா" என்றாள்.

பேச்சை மாற்ற, "உன் மேஸ்திரி எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆள் கதவளவு இருப்பார், இரும்புக் கம்பியை வெறுங்கையால் வளைப்பார், என்னைக் கண்டால் மட்டும் "சிஸ்டர், கையில ஊசி ஏதும் இல்லையே?" என்று நாலடி தள்ளி நின்றுகொள்வார்.

"அவருக்குக் காய்ச்சலாம். அங்க ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. டெங்குன்னு சொல்றாங்க, சரியாயிடும்."

"மஞ்சள் காய்ச்சல் இல்லைன்னு எப்படிச் சொல்றாங்க?"

"அதான் ஊசி போட்டிருக்காரே! டாக்டர் கார்டைப் பார்த்துட்டு, அப்ப அது இல்லைன்னு சொல்லிட்டாராம். மேஸ்திரின்னதும் ஞாபகம் வருது, ஒண்ணு காட்டறேன் பாரு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிடும்."

போனை என் முன்னால் நீட்டினான். இதே கூடம். இதே சோபாவில் மேஸ்திரி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. சுற்றிலும் ஆட்கள் கேலி செய்கிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட, நெற்றியில் முடி சரிந்த ஓர் ஆள் அவர் தோளில் ஊசியை வைத்து எடுக்கிறார். மேஸ்திரி கண்ணைத் திறக்காமலே, "போடுங்க சார், போடுங்க, சீக்கிரம்" என்கிறார். கூடம் அதிர எல்லோரும் சிரிக்கிறார்கள். "போட்டு முடிச்சாச்சு மேஸ்திரி!" இது தம்பியின் குரல். "நிஜமாவா? வலிக்கவே இல்லையே!" என்று மேஸ்திரி எழுந்து அந்த ஆளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

"பார்த்தியா? உன்கிட்ட வந்திருந்தா மனுஷன் லிஃப்ட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சிருப்பார்" என்றான் தம்பி.

"முதல்ல இருந்து போடு."

"பொறாமையா?"

"போடுன்னு சொன்னேன்."

மறுபடி பார்த்தேன். வெள்ளைக் கோட்டுக்காரர் தன் தோல் பையின் பக்கவாட்டு அறையில் கையை விட்டார், சாவி எடுப்பவர் மாதிரி. ஐஸ் பெட்டி இல்லை. ஒரு குப்பியை எடுத்தார், நிறையத் தண்ணீராக இருந்தது. ஊசியை உள்ளே விட்டார், உறிஞ்சினார், மேஸ்திரியின் தோளுக்குப் போய்விட்டார். பொடி இல்லை, கரைக்கவும் இல்லை. அடுத்த ஆளுக்கும் அதே குப்பி, அதே போல. ஒரு தடவை பையிலிருந்து பேனாவும் குப்பியும் சேர்ந்து வந்தன.

சாப்பிட்ட கையைக் கழுவக்கூடத் தோன்றவில்லை.

"இவன் எதையும் கரைக்கவே இல்லையே" என்றேன்.

"என்ன கரைக்கணும்?"

"என்ன கரைக்கணுமா? எத்தனை தடவைடா சொல்லியிருக்கேன்! இது பொடியாத்தான் வரும். தண்ணியா வரவே வராது. இவன் உங்க உடம்புல ஏத்தினது அந்த மருந்தே இல்ல. என்ன எழவுன்னு அவனுக்குத்தான் தெரியும்."

"சும்மா கத்தாதக்கா. அவர் ஒரிஜினல். சீல் வெச்ச கார்டு குடுத்திருக்கார், நம்பரோட." உள்ளே போய்க் கார்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டான். உண்மையிலேயே அழகான கார்டு. முத்திரை கோணாமல் விழுந்திருந்தது, எழுத்து முத்து முத்தாக இருந்தது. நான் எழுதுகிற கார்டுகளை என் டாக்டருக்கே படிக்கத் தெரியாது. "இதைக் காட்டித்தான் பசங்க அத்தனை பேரும் உள்ள போனாங்க. ஒருத்தரையும் தடுக்கலையே!"

"உன்னை யாருடா தடுக்கறதைப் பத்திக் கேட்டது? கார்டு அந்த ஆபீசருக்கு. ஊசி கொசுவுக்கு. கொசு உன் முத்திரையைப் பார்க்குமா?"

"எல்லாத்துலயும் உனக்குச் சந்தேகம்."

"உன் சைட்டுக்குக் கான்கிரீட் லாரி வந்தா என்னடா பண்ணுவே? வந்ததும் கொட்டுன்னு சொல்லிடுவியா?"

"அதெப்படி? பதம் பார்ப்பேன். கொஞ்சம் எடுத்து அச்சுல கட்டியா ஊத்தி, உடைச்சுச் சோதிப்பேன். லேட்டா வந்த லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கேன், தெரியுமில்ல?" பழக்கதோஷத்தில் பெருமையாகவே சொன்னான்.

"கல்லுக்கும் சிமெண்டுக்கும் அத்தனை பார்ப்பே. உன் பொண்ணு தோள்ல எவனோ எதையோ ஏத்தறான், நீ வீடியோ எடுத்துக்கிட்டு நிக்கறே."

தம்பி மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தம்பி வீம்புக்கு, "இப்பவே அவருக்கே போன் போடறேன், நீயே கேட்டுக்கோ" என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"சார்! சொல்லுங்க சார்! எப்ப சார் கிளம்பறீங்க?" குரலில் தேன் ஒழுகியது.

நான் குறுக்கே புகுந்தேன். "மஞ்சள் காய்ச்சல் மருந்து பொடியா இல்ல இருக்கும்? நீங்க தண்ணியா வெச்சிருந்தீங்களே?"

"அது பழைய மாடல் மேடம். பொடியெல்லாம் இப்ப யாரு வெச்சுக்கறா? இப்ப எல்லாம் ரெடிமிக்ஸ்ல வருது."

ரெடிமிக்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் தம்பியின் முகம் மாறியது. கலந்தே லாரியில் வருகிற கான்கிரீட்டுக்கும் அதே பெயர்தான், அந்தச் சொல்லோடு அவன் தினமும் மல்லுக்கட்டுகிறவன். எத்தனை டிரைவர்கள் எத்தனை பொய்யை அந்த ஒரு சொல்லில் வைத்து அவனிடம் தள்ளிவிடப் பார்த்திருப்பார்கள்.

"எந்தக் கம்பெனி?" என்று கேட்டான். "குப்பி நம்பர் சொல்லுங்க. எங்க வாங்கினீங்க?"

"சார், இங்க சிக்னல் சரியா..." தொடர்பு போய்விட்டது. மறுபடி அடித்தால் அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

தம்பி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. "மேஸ்திரியோட யார் இருக்கா? அவங்களைக் கூப்பிடு" என்று உலுக்கினேன். உடன்போன வெல்டர்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாராம். அவர் உடனே எடுத்தார்.

"சார், நேத்துக் கொஞ்சம் நல்லா இருந்தார் சார். காய்ச்சல் விட்டுடுச்சுன்னு சந்தோஷமா இருந்தோம். இன்னைக்கு மறுபடி ஏறிடுச்சு. கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கு சார். பல்லு விளக்கினா ரத்தம் வருது."

"டாக்டர் என்ன சொல்றார்?" என்று நான் கேட்டேன்.

"ஊசி போட்ட ஆளுங்கறதால அது இல்லைன்னு சொல்றாங்க சிஸ்டர். வேற என்னென்னவோ டெஸ்ட் பண்றாங்க. உடம்பு வலிக்கு மாத்திரை குடுக்கறாங்க."

"கொசுவலை கட்டியிருக்காங்களா? அவரைக் கடிச்ச கொசு மத்தவங்களைக் கடிச்சா அவங்களுக்கும் வந்துடும்."

"அதெல்லாம் இல்ல சிஸ்டர். ஜன்னல் திறந்துதான் இருக்கு."

நடுவில் ஒரு நாள் விட்டுத் திரும்பவும் பாய்கிற காய்ச்சல், மஞ்சள் கண், ஈறில் ரத்தம். அந்த மாதிரி நிலையில் சில வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். அங்கே இருக்கிற டாக்டர் முட்டாள் இல்லை. அவர் கார்டை நம்பினார், அவ்வளவுதான். வைத்தியம் தெரிந்த மனிதரின் கண்ணை அந்த அழகான கார்டு கட்டிப்போட்டுவிட்டது. மேஸ்திரியைக் கடித்த கொசுவைவிட அந்தக் கார்டின் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

"டாக்டர்கிட்ட பேசு. ஊசி போலின்னு சொல்லு. இப்பவே" என்றேன்.

தம்பி அசையவில்லை. "அக்கா, கொஞ்சம் யோசி. கார்டு பொய்னு நானே சொன்னா அத்தனை பசங்களையும் பிடிச்சுத் திருப்பி அனுப்பிடுவாங்க. வேலை நின்னுடும். கம்பெனி என்னைச் சும்மா விடுமா? வீட்டுக்கு அந்த ஆளைக் கூட்டிவந்தது நான்."

"அதனால?"

"நாளைக்கு ஆபீஸ்ல கலந்து பேசிட்டு, மெதுவா, ஒரு வழியா... எனக்கு அங்க ஒரு ஆள் இருக்கார், அவர் மூலமா..."

இன்னொரு ஆள்! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ. "உனக்கு ஆள் இருந்தது போதும்டா! ஆளு ஆளுன்னு தேடித்தானே இங்க வந்து நிக்கறே! அந்த மனுஷன் அங்க ரத்தம் கக்கிட்டு இருக்கார், நீ நாளைக்குக் கலந்து பேசப்போறியா? நானே பேசுவேன். நான் யாருன்னு கேட்பாங்க. யாரோ ஒருத்தனோட அக்கான்னா நம்புவாங்களா? கார்டுக்கு ஏற்பாடு பண்ணினவன் நீ. நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

கத்தி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பயமாக இருந்தது. தம்பி மனைவி ஒரு தடவை என்னைப் பார்த்தாள், ஒரு தடவை அவனைப் பார்த்தாள். "வேலை போனா போகட்டும்ங்க" என்றாள் மெதுவாக. "அவர் நம்ம வீட்டு சோபாவுலதானே உட்கார்ந்திருந்தார்."

தம்பி எழுந்து பால்கனிப் பக்கம் போனான். கதவைச் சாத்திக்கொள்வான் என்று நினைத்தேன், சாத்தவில்லை. வெல்டரைக் கூப்பிட்டு, போனை டாக்டரிடம் கொடுக்கச் சொன்னான். டாக்டர் கிடைக்க நேரம் ஆயிற்று. அதுவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு பேசினான். அந்தக் கார்டை நம்பாதீர்கள், அது பொய், நான்தான் ஏற்பாடு செய்தேன், எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தடுப்பூசி போடப்படவில்லை என்று சுற்றி வளைக்காமல் சொன்னான். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, ஒவ்வொருவர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தான். சொல்லி முடிப்பதற்குள் குரல் இரண்டு தடவை உடைந்தது. பிறகு மருந்து விவரம் கேட்டு என்னிடம் கொடுத்தான், குப்பியில் பார்த்ததை நான் சொன்னேன். டாக்டர் ஒரு நன்றி சொல்லிவிட்டு அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததில் எனக்கு நிம்மதி தந்த விஷயங்கள் குறைவு. மேஸ்திரியின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், அதேதான். அந்த நோய்க்கென்று தனி மருந்து கிடையாது, உடம்பைத் தாங்கிப்பிடித்து நிறுத்துவது மட்டும்தான் வைத்தியம். அப்படி நிறுத்தித்தான் அவரைப் பிழைக்கவைத்தார்கள். மற்ற ஆட்களுக்கு அங்கேயே உண்மையான ஊசி போட்டுத் தனியாக வைத்திருந்து, கம்பெனி பெரும்பாடுபட்டு அபராதம் கட்டி வெளியே எடுத்தது. தம்பியைப் பாலத்திலிருந்து தூக்கி, ஏதோ ஒரு மூலை அலுவலகத்தில் வரைபடம் பார்க்கிற வேலையில் உட்காரவைத்தார்கள். தம்பி மனைவியின் கையில் இருந்த கட்டியைக் கீறிச் சீழ் எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வியாழக்கிழமை மூன்று பேரும் என் அறைக்கு வந்தார்கள். தம்பி வரிசையில் கடைசி ஆளாக நின்றான். முன்னால் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டான்.

கைராசிக்காரரைப் பற்றிப் புகார் கொடுக்கப் போனோம். ஊசி போட்டது தம்பியின் வீட்டில் என்பதால் அந்தப் பகுதி ஸ்டேஷன் என்றார்கள். அங்கே போனால், மருந்து சம்பந்தப்பட்டது, அதற்கு வேறு துறை என்றார்கள். அந்தத் துறையில், குப்பி எங்கே, குப்பி இல்லாமல் எப்படி என்று கேட்டார்கள். வீடியோவைக் காட்டினால், அந்த அதிகாரி மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தார். இதற்கிடையில் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸாப் குழுவில் யாரோ ஒரு விளம்பரத்தைத் தூக்கிப் போட்டார்கள்: "பயணத் தடுப்பூசிகள், உங்கள் வீட்டிலேயே, வலி இல்லாமல்." பெயர் வேறு, நம்பர் வேறு. நெற்றியில் சரிந்த முடி அதேதான். அதற்கும் நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுத் திட்டினேன்.

போன வியாழக்கிழமை மேஸ்திரி என் அறைக்கு வந்தார். தம்பிதான் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, கூட்டிவந்தான். அந்தக் கதவளவு ஆளில் பாதியைக் காணோம். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். பாலம் இன்னும் பாதியில் நிற்கிறது, கம்பி கட்டுகிற வேலைக்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்று கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது. பழைய கார்டை ரத்து செய்துவிட்டார்கள், புதிதாக ஒன்று வேண்டும்.

வழக்கம்போல நாலடி தள்ளி நின்றுகொண்டு, "சிஸ்டர், ஒரு சந்தேகம்" என்றார். "இந்த நோய் ஒரு தடவை வந்து பிழைச்சுட்டா, திரும்ப வராதுன்னு அங்க டாக்டர் சொன்னாரே?"

"வராது."

"அப்ப ஊரிலேயே இந்த ஊசி தேவைப்படாத ஒரே ஆள் நான்தானே?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. இதை எங்கள் டாக்டர் முன்பே கடிதமாக எழுதிக் கொடுத்திருந்தார். அந்த நாட்டு அலுவலகம், கார்டு நம்பரைக் குறிப்பிடவும் என்று திருப்பி அனுப்பியது. மறுபடி விளக்கி எழுதினோம். மறுபடியும் கார்டு நம்பரைக் கேட்டார்கள். நான் போன் போட்டுக் கத்திப் பார்த்தேன். எதிரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, "உங்கள் கார்டு நம்பர் என்ன மேடம்?" என்றாள்.

"பிறகு எதுக்கு சிஸ்டர் எனக்கு ஊசி?"

"கார்டுக்கு" என்றேன். என் வாயாலேயே சொன்னேன். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சிரிச்சே, உனக்கும் இன்னொண்ணு போட்டுடுவேன்" என்றேன்.

மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொள்வார் என்று பார்த்தேன், மூடவில்லை. குப்பியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அடியில் ஒட்டியிருந்த பொடியை உற்றுப் பார்த்தார். நீரைச் செலுத்தி மெதுவாகச் சுழற்றினேன், கரைந்து முடியும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு எனக்குப் போட்டது வெறும் தண்ணிதானா சிஸ்டர்?"

"வெறும் தண்ணியா இருந்தாக்கூடப் பரவாயில்லை. என்னன்னே தெரியல."

ஊசியைப் போட்டேன். அவர் போட்ட சத்தத்தில் எக்ஸ்ரே அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். பஞ்சை அவர் கையில் கொடுத்து அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, கார்டை எழுதி முத்திரை குத்தி நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கார்டு இதைவிட அழகா இருந்துச்சு சிஸ்டர்" என்றார்.

"வலிக்குதா மேஸ்திரி?" என்று தம்பி கேட்டான்.

"வலிக்குது சார்." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "அன்னைக்கே வலிச்சிருக்கலாம்."

தம்பி அவர் கையிலிருந்த பஞ்சை வாங்கி, அவர் தோளில் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.